அறிந்தே சொன்ன பாடம்

பிள்ளைப் பருவத்தில் நாம் மனப்பாடம் செய்த செய்திகளுள் எத்தனை இன்றும் உண்மையாக நிற்கின்றன என்று ஒருமுறை கணக்கெடுத்துப் பார்ப்பது ஆசிரியராயினார்க்கு நல்லதொரு பயிற்சியாகும். அப்பயிற்சியை நான் என் ஐம்பதாம் அகவைக்குப் பின்னரே தொடங்கினேன் என்பதைச் சற்று நாணத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

நாவின் நுனி இனிப்பையும், பக்கங்கள் புளிப்பையும், அடிநா கசப்பையும் உணரும் என்று அறிவியல் பாடத்தில் படித்தோம். 1901இல் ஜெர்மானியர் ஒருவர் வெளியிட்ட ஆய்வில் கண்ட மிகச் சிறிய வேறுபாட்டைப் பின்வந்தோர் பெரிதாக்கியதால் பிறந்த பாடம் அது. அதனைப் பொய்யென்று காட்டுவதற்கு அடிநாவில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை போதும். எங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். ஒருவரும் அச்சோதனையைச் செய்யவில்லை. நாக்கைப் படமாக வரைந்து, வண்ணம் தீட்டி, மதிப்பெண் பெற்றோம்.

இத்தகையவை இன்னும் பல. 1930இல் கண்டறியப்பட்ட புளூட்டோவை ஒன்பதாம் கோள் என்று ஒப்பித்தோம். 2006இல் வானியலார் கூடி அதனைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தினர். யானையின் துதிக்கைபோல் வளைந்த பழைய ‘லை’யையும் ‘னை’யையும் எழுத மறந்ததற்காக நான் பிரம்படி பட்டிருக்கிறேன். தமிழ்நாட்டரசு 1978இல் வெளியிட்ட ஆணையால் அத்துதிக்கை நீங்கிற்று. சிங்கப்பூர் 1983இல் அச்சீர்திருத்தத்தை ஏற்றது. நம் நாட்டுப் பாடநூல்களும் அவ்வழியே சென்றன. பகாங் வீரர் மாட் கிலாவ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மாண்டார் என்றுதான் பழைய குறிப்புகள் கூறின. 1969 டிசம்பரில் பூலாவ் தாவார் என்னும் சிற்றூரில் ஒரு முதியவர் எழுந்து, ‘நானே மாட் கிலாவ்’ என்றார். அரசு குழு அமைத்து ஆராய்ந்து, 1970 ஆகஸ்டு 6ஆம் நாள் அதனை ஏற்றது. பத்தே நாளில் அம்முதியவர் உயிர் நீத்தார். வரலாற்று நூலுக்கு எதிராக வரலாற்று நாயகனே சான்று சொல்ல வந்த நிகழ்ச்சி உலகில் அரிது.

இவற்றுள் எதற்காகவும் என் ஆசிரியர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் அறிந்ததைச் சொன்னார்கள், அறிவு வளர்ந்தது, பாடம் மாறியது. என் நெஞ்சை உறுத்துவது வேறொரு பாடம்.

கிள்ளானை அடுத்த இரப்பர்த் தோட்டம் ஒன்றில் இருந்தது எங்கள் பள்ளி. 1981ஆம் ஆண்டு, நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் தமிழாசிரியர் ஒருநாள் கரும்பலகையில் இந்தியாவையும் அதன் தெற்கே ஒரு பெரும் நிலப்பரப்பையும் வரைந்தார். மேற்கே ஆப்பிரிக்காவையும் கிழக்கே ஆஸ்திரேலியாவையும் தொட்டுக் கிடந்த அந்நிலத்தை நீலச் சுண்ணக்கட்டியால் சிறிது சிறிதாக அழித்துக் கடலாக்கினார். “இதுதான் குமரிக்கண்டம். மனிதன் முதலில் பிறந்த இடம். அவன் பேசிய மொழி தமிழ்” என்றார். அப்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அவ்வகுப்பில் இருந்தவர்கள் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள். லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். பட்டணத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் ஒதுங்கி நிற்பவர்கள். ஒரு கண்டமே எங்களுடையதாக இருந்தது என்று கேட்ட அன்று, நான் வீட்டிற்கு நிமிர்ந்து நடந்து சென்றேன். அந்நடையை நான் இன்றும் மறக்கவில்லை. அதனைப் பொய்யென்று சொல்லவும் எனக்கு மனம் வராது.

ஆனால் அக்கண்டம் பொய். அதன் பிறப்பு தமிழ் இலக்கியத்திலும் இல்லை. 1864இல் ஸ்கிலேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், மடகாஸ்கர்த் தீவின் இலெமூர் என்னும் விலங்கோடு உறவுடைய இனங்கள் இந்தியாவிலும் காணப்படுவதற்குக் காரணம் தேடி, இடையே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று கருதினார். அதற்கு இலெமூரியா என்று பெயரிட்டார். அது மனித இனத்தின் தொட்டிலாக இருந்திருக்கலாம் என்று ஜெர்மானிய அறிஞர் எக்கல் சேர்த்துக்கொண்டார். நம்மவர் அதனைப் பழைய உரைகளோடு பொருத்தினர். இறையனார் அகப்பொருள் உரை முச்சங்கங்களுக்கு 4,440, 3,700, 1,850 ஆண்டுகள் என்று கணக்குச் சொல்கிறது. இளங்கோவடிகள் பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைப் பாடுகிறார். இவ்வுரையும் பாட்டும் கடல்கோளைப் பேசுகின்றன, கண்டத்தைப் பேசவில்லை.

ஸ்கிலேட்டரின் கருத்தை அறிவியலே பின்னர்க் கைவிட்டது. நிலப்பகுதிகள் நகர்கின்றன என்று வெகெனர் 1912இல் சொன்னதும், 1960களில் கடலடி ஆய்வுகள் அதனை உறுதி செய்ததும், இலெமூரியாவுக்குத் தேவையே இல்லாமற் போயிற்று. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. நம் மனித இனத்தின் அகவையோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள்தாம். பிரிவைக் காண அங்கே தமிழனும் இல்லை, வேறெவனும் இல்லை.

இந்தச் செய்தியை நான் எப்போது அறிந்தேன் என்பதே இக்கட்டுரையின் உயிர்நிலை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், 1990களின் தொடக்கத்தில் அறிந்தேன். புவியியல் விரிவுரையாளர் தட்டுப் பெயர்ச்சியைப் பற்றி இரண்டு வாரம் பாடம் நடத்தினார். நான் குறிப்பெடுத்தேன், தேர்வில் எழுதித் தேறினேன். அதே நான், 1999இல், ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குப் பேச்சுப் போட்டிக்காகக் குமரிக்கண்டத்தைப் பற்றி நான்கு பக்க உரை எழுதிக் கொடுத்தேன். அடியார்க்கு நல்லார் சொன்ன எழுநூற்றுக் காவதத்தை முழங்கி முடிக்கும்படி அதனை அமைத்திருந்தேன். அவள் முதற்பரிசு பெற்றாள். நானும் பாராட்டப் பெற்றேன்.

காவதம் பத்து மைல் என்று வழக்கமாகச் சொல்லும் கணக்கை வைத்தால், எழுநூறு காவதம் 7,000 மைல். குமரி முனையிலிருந்து தென் துருவம்கூட அவ்வளவு தொலைவில் இல்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளை போடக்கூடிய பெருக்கல் இது. அதை அவள் போடவில்லை. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை யார் பெருக்கிப் பார்ப்பார்? நானும் போடவில்லை. போடக்கூடாது என்று என்னுள் ஏதோ ஒன்று தடுத்தது என்பதே சரி.

அம்மாணவி பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயின்றாள். 2008இல் தீபாவளிக்குக் கிள்ளானில் என் இல்லத்திற்கு வந்திருந்தாள். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே உண்ணாமல் இருந்தவள், முதலாண்டில் ஒரு கருத்தரங்கில் தான் எழுந்து அப்பேச்சின் செய்தியைச் சொன்னதையும், உடன் பயின்றோர் சிரித்ததையும் கூறினாள். விரிவுரையாளர் சிரிக்கவில்லையாம், “எவ்வளவு தொலைவு? எந்தக் காலம்?” என்று மட்டும் கேட்டாராம். இரண்டிற்கும் விடை சொல்லத் தெரியாமல் அமர்ந்தேன் என்றாள். பிறகு, “நான் குறை சொல்ல வரவில்லை, ஐயா. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அது சரியில்லை என்று உங்களுக்கு அப்போதே தெரியுமா?” என்றாள்.

நான், “அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தானே சொன்னார்கள், அம்மா” என்றேன்.

அது விடையன்று. அவளுக்கும் அது தெரிந்தது. எழுந்து என் துணைவியாரிடம் விடைபெற்றுச் சென்றாள்.

என்னை நானே காத்துக்கொள்ள வள்ளுவரையும் துணைக்கு அழைத்துப் பார்த்தேன். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் அவரே வழிவிட்டிருக்கிறார். தோட்டத்துப் பிள்ளை நிமிர்ந்து நடப்பது நன்மையன்றோ? பல ஆண்டுகள் இவ்வாதம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் வள்ளுவர் வெறும் நன்மை என்று சொல்லவில்லை. குற்றம் தீர்ந்த நன்மை என்ற காவலை வைத்தே கதவைத் திறக்கிறார். நாம் பிள்ளைக்குக் கொடுத்த பெருமை, அவள் முதன்முதலாக வேற்றாரிடையே எழுந்து நின்ற நாளில் அவளைக் கைவிட்டது. கொடுத்த எனக்குப் பாராட்டு. சுமந்த அவளுக்குச் சிரிப்பு. இதில் குற்றம் தீர்ந்திருக்கிறதா என்பதை அந்தக் குறளை நாள்தோறும் பாடம் நடத்தும் நாமே சொல்ல வேண்டும்.

என் தமிழாசிரியரை நான் இப்போதும் குற்றவாளியாகக் கருதவில்லை. அவர் நம்பியதைச் சொன்னார். அவர் கைக்கு எட்டியவை நாலைந்து நூல்கள். அவற்றை எழுதியோர் பாவாணர் போன்ற பெரியோர். அவரிடம் இருந்தது பிழை. என்னிடம் இருந்ததோ பிழையன்று. சொற்கள் ஒன்றே, வரைபடம் ஒன்றே. ஆயினும் நாங்கள் இருவரும் ஒரே செயலைச் செய்யவில்லை.

இதனை ஆசிரியர் கூட்டம் ஒன்றில் சொல்லிப் பார்த்தேன். பேச்சுப் போட்டித் தலைப்புகளினின்று குமரிக்கண்டத்தை நீக்கலாம் என்றதும், என்னினும் மூத்த ஓர் ஆசிரியை எழுந்தார். “நம் பிள்ளைகளுக்கு இருப்பதே இந்த ஒரு பெருமைதான், அதையும் பிடுங்கப் போகிறீர்களா?” என்று கேட்டார். அவையில் பலர் தலையசைத்தனர். அவர் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தோட்டம் துண்டாடப்பட்டு, கோயிலும் பள்ளியும் இடம் பெயர்ந்து, கிள்ளானின் அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களுக்குக் கையில் என்ன மிஞ்சியது என்று அவர் கேட்கிறார்.

மிஞ்சியது சிறிதன்று என்பதே என் மறுமொழி. தாய்லாந்தின் கிராபி வட்டாரத்தில் ஓர் உரைகல் கிடைத்தது. பொன்னின் மாற்று உரைத்துப் பார்க்கும் அச்சிறு கல்லில், கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டின் தமிழ் எழுத்தில், ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. ஒரு பொற்கொல்லர், அவர் பெயர், அவர் கல். அவ்வளவே. ஆனால் கடல் கடந்து இத்தீபகற்பத்திற்கு வந்த ஒரு தமிழ்த் தொழிலாளி தன் கருவியில் தன் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டான் என்பதை எந்தக் கருத்தரங்கிலும் எவரும் சிரித்து ஒதுக்க முடியாது. கீழடியில் 2014இல் தொடங்கிய அகழாய்வு எழுத்துப் பொறித்த பானையோடுகளைக் கொடுத்தது. 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இதே கோலாலம்பூரில், தனிநாயக அடிகளின் முயற்சியால் கூடியதே. அடிகள் உலகறிஞரை இங்கே அழைத்தது தமிழைச் சான்றோடு பேசுவதற்காகவன்றோ?

சென்ற ஆண்டு, பிரிக்பீல்ட்ஸ் பகுதியை ஒட்டிய எங்கள் பள்ளிக்கு அம்மாணவியை அழைத்தேன். இப்போது அவர் நிலவியலாளர். வகுப்பில் எழுந்து நின்று, நான் எதிர்பாராத வகையில், சுண்ணக்கட்டியைக் கேட்டு வாங்கினார். பலகையில் தீபகற்பம், சுமத்திரா, சாவகம், போர்னியோ ஆகியவற்றை வரைந்து, அவற்றிற்கு இடைப்பட்ட கடல் முழுவதையும் நிலமாக்கினார். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியில், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது இவை யாவும் ஒரே நிலம் என்றார். அதற்குச் சுண்டா நிலம் என்று பெயர். மலாக்கா நீரிணை அன்று இல்லை. கிள்ளானிலிருந்து சுமத்திராவுக்கு நடந்தே செல்லலாம். இலங்கையும் இந்தியாவும் அன்று இணைந்தே இருந்தன. குமரிக்குத் தெற்கே ஒரு கரைத்துண்டையும் கடல் பின்னர்க் கொண்டது, கண்டத்தை அன்று, கரையை, என்று அழுத்திச் சொன்னார்.

எனக்கு என் ஐந்தாம் வகுப்புக் கரும்பலகை நினைவுக்கு வந்தது.

பின்வரிசையில் ஒரு சிறுவன் கையுயர்த்தி, “அக்கா, அது உண்மைதான் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டான். அவர் முகம் மலர்ந்தது. கடலடியில் இன்றும் காணப்படும் ஆற்றுப் பள்ளங்களைப் பற்றியும், சுமத்திராவிலும் போர்னியோவிலும் ஒரேவகை நன்னீர் மீன்கள் வாழ்வதைப் பற்றியும் அரைமணி நேரம் விடை சொன்னார். மணி அடித்த பின்னும் பிள்ளைகள் எழவில்லை.

வாயில்வரை உடன் சென்றபோது, “அம்மா, 2008இல் நீங்கள் கேட்டதற்கு நான் விடை சொல்லவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதிக் கொடுத்தேன்” என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் நடந்தார். “அன்றே சொல்லியிருக்கலாம், ஐயா” என்றார். பிறகு அந்தச் சிறுவனின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவனுக்கு ஒரு நூல் அனுப்ப வேண்டுமாம்.