வழிபாட்டிலே புதுமை எதற்காக?



ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்திலே நின்று பேசுகிறோம். "எத்தனை காலத்துக்கு இதே பாட்டு, இதே மன்றாட்டு?" என்று இளைஞர்கள் சலித்துக் கொள்கிறார்கள். "புதுப்புது வாத்தியங்கள் வந்தபின் அமைதியாகச் செபிக்க முடியவில்லையே" என்று முதியோர் வருந்துகிறார்கள். இரு சாராரும் ஆண்டவரைத் தேடி வந்தவர்களே. ஆனால் இளையவர் மெல்ல மெல்ல வேறிடம் நாடுகிறார்கள். முதியவரோ கோவிலுக்குள் இருந்தும் வாய்மூடி இருக்கிறார்கள். இது சிறிய நட்டமா?

இவ்விஷயத்தில் நம் அயலவரான மெதடிஸ்த சகோதரரிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. வில்லியம் ஓல்ட் என்ற போதகர் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, ஓராண்டு நிறையுமுன்னே, 1815 ஏப்ரலில் இங்கேயே உயிர் நீத்தார். அவர் கொண்டுவந்த திருச்சபை பாட்டோடு பிறந்த திருச்சபை. சாள்ஸ் வெஸ்லி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஞானப்பாடல்களை இயற்றினார். அவருடைய தமையனார் ஜோன் வெஸ்லி 1761இல் பாடுவோருக்கென்று சில விதிகளை எழுதினார். எல்லாரும் பாட வேண்டும். மற்றவரின் குரல் அமுங்கும்படி உரக்கக் கத்தலாகாது. இராகத்தில் மயங்கிவிடாமல் மனத்தைக் கடவுளிடம் வைக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அந்த மரபிலே, நம் நாட்டுத் தமிழரான டி. ரி. நைல்ஸ் போதகர் 1960களில் ஆசியத் திருச்சபைகளுக்காக ஒரு பாடல் நூலைத் தொகுத்தார். மேல்நாட்டு மெட்டுகளோடு ஆசிய மக்களின் சொந்த மெட்டுகளும் அதிலே இடம் பெற்றன.

நமக்கும் அப்படிப்பட்ட முன்னோர் உண்டு. பூசை இலத்தீனிலே நடந்த காலத்தில், ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டிருந்தபோது, கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். 1742இல் அவர் மறைந்தார். ஆனால் அவருடைய வியாகுலப் பிரசங்கம் தலைமுறை தலைமுறையாகத் தவக்காலத்திலே மக்களைக் கண்ணீர் விடச் செய்தது. அன்று அதுவும் ஒரு புதுமைதான். இன்று பழமை என்று நாம் போற்றுவது அன்று ஒருவர் மக்கள்மேல் கொண்ட அன்பினால் துணிந்து செய்த புதுமையே.

1963 டிசம்பர் 4ஆம் திகதி இரண்டாவது வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டது. இறைமக்கள் யாவரும் முழுமையாகவும் உணர்ந்தும் பங்குகொள்வதே தலையாய நோக்கம் என்று அது கூறியது. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு மதிப்பளிக்கும்படி கேட்டது. அதே வேளையில், குருவானவராயினும் தம் இஷ்டப்படி வழிபாட்டில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றும் எச்சரித்தது. ஆகவே நமக்கு வரம்பும் உண்டு. வரம்புக்குள்ளே விளைநிலமும் உண்டு.

அப்படியானால் நல்ல புதுமையையும் வெறும் ஆடம்பரத்தையும் எப்படிப் பிரித்தறிவது? கொரிந்து நகரச் சபையிலும் இதே கேள்வி எழுந்தது. ஒருவர் பாடலோடும், ஒருவர் போதனையோடும், ஒருவர் வெளிப்படுத்தலோடும் வந்தார்கள். அர்ச். சின்னப்பர் அவர்களைத் தடுக்கவில்லை. எல்லாம் சபையைக் கட்டியெழுப்பவே நடக்கட்டும் என்றார் (1 கொரி. 14). அதுவே நமக்கும் உரைகல். பாடகர் குழு பாட, மக்கள் வேடிக்கை பார்த்தால், இசை எவ்வளவு இனிமையாயினும் சபை கட்டப்படவில்லை.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். 2004 டிசம்பர் 26இல், நத்தாருக்கு மறுநாள், கடல் பொங்கிக் கல்லடியையும் நாவலடியையும் அழித்தது. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்துச் சிறுவர்களும் பெரியவர்களும் மாண்டார்கள். போரின்போது காணாமற் போன பிள்ளைகளுக்காக இன்றும் காத்திருக்கும் தாய்மார் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அத்தகைய தாய் ஒருத்தி ஞாயிறன்று கோவிலுக்கு வருகிறாள் என்று வைத்துக் கொள்வோம். தொடக்கம் முதல் முடிவு வரை கைதட்டிப் பாடும் மகிழ்ச்சிப் பாட்டுகளே ஒலித்தால், அவள் தன் துக்கத்தை எங்கே இறக்கி வைப்பாள்? திருப்பாடல்களிலே புகழ்ச்சியோடு புலம்பலும் உண்டு அல்லவா? வழிபாட்டில் பலவகை வேண்டும் என்பது இவளுக்காகவும்தான்.

அன்பர்களே, பெருஞ் செலவில்லாமலே தொடங்கலாம். விசுவாசிகள் மன்றாட்டை அச்சிட்ட தாளிலிருந்து மட்டும் வாசியாமல், அந்த வாரம் நம் ஊரிலே நடந்ததை நினைந்து எழுதுங்கள். நோயாளியின் பெயரும், வெள்ளத்தில் அழிந்த வயலும் அதிலே வரட்டும். வேளாண்மை வெட்டிய காலத்திலே புதுநெல்லைக் காணிக்கைப் பவனியிலே கொண்டு வாருங்கள். சிலுவைப்பாதைக்கு நம் கூத்தின் மெட்டிலே ஒரு புலம்பல் அமைத்துத் தரும்படி ஊர் அண்ணாவியாரைக் கேளுங்கள். புதுப்பாட்டைப் பூசைக்கு முன் பத்து நிமிடம் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். முதியோர் மனப்பாடமாய் அறிந்த ஒரு பழைய பாட்டுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் இடம் விடுங்கள்.

மௌனத்தையும் மறவாதீர்கள். நிலாக் காலத்திலே வாவியில் பாடும் மீனைக் கேட்க விரும்புகிறவன் தோணி வலிப்பதை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி, அதன் நுனியிலே காதை வைக்கிறான். நற்கருணை உட்கொண்டபின் நாமும் சிறிது நேரம் அப்படி இருந்து பார்ப்போம்.

வரும் ஞாயிறு உங்கள் பக்கத்தில் முழந்தாளிடுபவரைக் கவனியுங்கள். அவர் பாடினாரா, செபித்தாரா, ஆறுதலோடு வீடு திரும்பினாரா? இல்லையென்றால், அவருக்கு என்ன வேண்டும் என்று முற்றத்திலே நின்று அன்பாய்க் கேளுங்கள். உங்கள் பங்கின் புதுமை அந்தக் கேள்வியிலிருந்து பிறக்கட்டும். தூய ஆவியானவர் அதற்குத் துணை செய்வாராக!