எழுதுவோன் அச்சம்

இயந்திரத்தின் முன் நடுங்காத கை, வெள்ளைத் தாளின் முன் நடுங்குவது ஏன்? தொழில்நுட்ப எழுத்துத் துறையில் புதிதாகப் புகுவோர் பலர் உள்ளத்தில் எழும் வினா இது. பினாங்கின் பாயான் லெப்பாசில் 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பெற்றது. அது முதல் நம் இளைஞர் பலர் அங்குள்ள தொழிற்சாலைகளில் பொறிகளோடு பழகி வந்துள்ளனர். ஒரு பொறியை இயக்கச் சொன்னால் தயங்காது இயக்குவோரும், அதனை இயக்கும் முறையைப் பிறர்க்கு எழுதித் தரச் சொன்னால் பின்வாங்குவதுண்டு. இவ்வச்சம் வெல்லத்தக்கதா? ஆம் எனின், முழுவதும் வெல்லத்தக்கதா?

ஒன்றுபோல் தோன்றும் இவ்வச்சத்தினுள் இரண்டு உள. “பொறியாளர்கள் படித்து நகைப்பார்களோ, என் அறியாமை வெளிப்பட்டுவிடுமோ” என்பது ஒன்று. “நான் எழுதியதை நம்பிக் கை வைப்பவர்க்குத் தீங்கு நேருமோ” என்பது மற்றொன்று. முன்னது தன்னைக் காக்க எழுவது. பின்னது பிறரைக் காக்க எழுவது.

முன்னது எழுத்தைக் கெடுக்கும். அறியாமையை மறைக்க விழைபவர் கடுஞ்சொற்களின் பின்னே ஒளிந்துகொள்வார். ஐயத்தைக் கேட்டுத் தெளிய நாணுவார். பின்னதோ எழுத்தைச் செம்மைப்படுத்தும். “மூடியைத் திறக்கவும்” என எழுதிவிட்டு, அடுத்த வரியில் “திறக்குமுன் மின்னிணைப்பைத் துண்டிக்கவும்” என எழுதினால் என்னவாகும்? படித்தபடியே செய்பவரின் கை அதற்குள் உள்ளே சென்றிருக்கும். இதனை எண்ணி அஞ்சுபவரே எச்சரிக்கையை முதலில் வைப்பார். இவ்வச்சம் குறையன்று, அறம்.

அவ்வாறாயின், முதல் அச்சத்தை நீக்கும் வழி யாது? திருக்குறளின் அதிகார வைப்பிலேயே விடை உண்டு. ‘அவை அறிதல்’ 72ஆம் அதிகாரம். ‘அவை அஞ்சாமை’ 73ஆம் அதிகாரம். கேட்போரை அறிவது முன், அஞ்சாமை பின். பேசுவோர்க்குச் சொல்லப்பெற்ற இம்முறை எழுதுவோர்க்கும் பொருந்தும். படிப்பவர் யாரென அறியாதபோது, உலகமே நம்மை எடைபோடக் காத்திருப்பதாக மனம் மயங்குகின்றது. அவர் முகம் தெளிந்தவுடன், நம்மை மறந்து அவரை நினைக்கத் தொடங்குகின்றோம்.

ஆங்கிலக் கவிஞர் சாசர், வான்மீன்களை அளந்தறியும் அஸ்ட்ரோலேப் என்னும் கருவியைப் பற்றி 1391இல் ஒரு நூல் எழுதலானார். பத்து வயதுச் சிறுவனாகிய தம் மகன் லூயிசுக்காக எழுதியது அது. கற்றோர் மொழியாகிய இலத்தீனை விடுத்து, மகன் அறிந்த ஆங்கிலத்தில் எழுதினார். தாம் புதிதாக எதனையும் கண்டறியவில்லை என்றும், முன்னோர் உழைப்பைத் தொகுத்தே தருவதாகவும் மறையாது கூறினார். படிப்பவனை அறிந்தவர்க்கு ஒளிக்க வேண்டியது என்ன இருக்கின்றது?

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் அவர்தம் தாய்மொழியன்று. மேலை மருத்துவத்தை உரைக்கத் தமிழில் அன்று போதிய கலைச்சொற்களும் இல்லை. அஞ்சி வாளாவிருக்கக் காரணங்கள் பல இருந்தன. ஆயினும் அவர் மாணாக்கர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், அவர்கள் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். தம் குறையைப் பிறர் துணைகொண்டு நிரப்புவதை அவர் இழிவாகக் கருதவில்லை.

புதியவர்க்கு ஒரு பேறும் உண்டு. பல்லாண்டு பழகியவர், தாம் முதன்முதல் தடுமாறிய இடத்தை மறந்திருப்பார்; புதியவர் மறந்திரார். அவ்விடங்களைக் குறித்து வைத்தால் அவையே நூலின் உயிர்நிலைகளாகும். எழுதியதைப் பொறியின் அருகே வைத்து, படிப்படியாகச் செய்து பார்த்தல் வேண்டும். பின்னர் அப்பொறியை அறியாத ஒருவரிடம் கொடுத்து, தக்கவர் ஒருவர் காவலிருக்க அவரைச் செய்யச் சொல்லி, குறுக்கே பேசாது நோக்குதல் வேண்டும். அவர் தயங்கும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம். பிழை அங்கே வெளிப்படுவது இழிவன்று. நாளை ஒரு தொழிலாளியின் காயத்தில் வெளிப்படுவதே இழிவு.

அச்சமே அற்றவர் எழுதிய வழிகாட்டியை நம்பிப் பொறியைத் தொட யார் துணிவர்? ஆதலின் நமக்காக அஞ்சுவதை விடுவோம், படிப்பவர்க்காக அஞ்சுவோம். அவ்வச்சம் எழுதுகோலைத் தடுத்து நிறுத்தாது. நேரிய சொல்லை நாடச் செய்யும்.