உடைக்கும் ஓர் அளவு



இல்லறத்தார்க்குரிய விரதங்கள் பன்னிரண்டு என்பதைச் சிறுவயது முதலே நாம் கேட்டு வருகிறோம். அவற்றுள் போகோபபோக பரிமாணம் பற்றிப் பேச்செழும்போது, கிழங்கை விலக்குதல், தேனை விலக்குதல் என்று உணவோடு நின்றுவிடுகிறோம். உடையும் அதே விரதத்திற்கு உட்பட்டது என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. உணவுக்கட்டுப்பாட்டில் சிறிதும் தவறாத இல்லங்களிலும் துணி அலமாரியின் கதவு மூடமுடியாமல் நிற்பதைக் காண்கிறோம்.

ஒருமுறை துய்த்ததும் தீர்ந்துபோவது போகம், உணவு அத்தகையது. மீண்டும் மீண்டும் துய்க்கப்படுவது உபபோகம், உடை அத்தகையது. இவற்றை வாழ்நாள் முழுமைக்கும் வரையறுத்துக்கொள்வது யமம். குறித்த காலத்திற்கு வரையறுத்துக்கொள்வது நியமம். இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திராசாரியர் நியமத்திற்குரிய காலங்களை எண்ணிக் காட்டுகிறார்: ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு திங்கள், இரு திங்கள் கொண்ட ருது, ஆறு திங்கள் கொண்ட அயனம். வரையறுக்க வேண்டியவற்றின் வரிசையில் உணவு, ஊர்தி, படுக்கை, தாம்பூலம் முதலியவற்றோடு ஆடையையும் அணியையும் வைத்திருக்கிறார்.

மேல்நாட்டில் இதற்கு அண்மையான பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. 1970களில் இலண்டனில் ஆடைக்கடை நடத்திய சூசி ஃபாக்ஸ் என்னும் அம்மையார் 'காப்சூல் வார்ட்ரோப்' என்ற பெயரால் அதைப் பரப்பினார். ஒன்றோடொன்று பொருந்தும் சில உடைகளே போதும் என்பது அதன் கருத்து. 1985இல் நியூயார்க்கின் டோனா கரன் ஏழு உருப்படிகளை அடிப்படையாகக் கொண்டு ஆடைத் தொகுதி ஒன்றை அமைத்தார். 2010இல் அமெரிக்கரான கர்ட்னி கார்வர், மூன்று திங்களுக்கு 33 உருப்படிகள் என்று கணக்கிட்டார். காலணியும் அணிகலனும் அந்தக் கணக்கில் அடங்கும். மூன்று திங்கள் என்பது ருதுவுக்கும் அயனத்துக்கும் இடைப்பட்ட நியமம்! இதைக் கேட்டதும், "எல்லாம் நம் நூல்களில் முன்பே உள்ளது" என்று பெருமை பேசத் தோன்றும். நூலில் உள்ளது நம் அலமாரியில் இல்லையே!

அவர்தம் நோக்கம் வேறு, நம் நோக்கம் வேறு. தமக்கே உரிய பாணியைக் கண்டறிவதற்காக அவர்கள் உடையைக் குறைக்கிறார்கள். உடலே உயிருக்கு வேறானது என்று அந்நியத்துவ பாவனையில் சிந்திக்கும் நாம், உடலின்மேல் கிடக்கும் துணியில் நம்மைத் தேடுவதெப்படி? ஆயினும் அந்தச் சோதனையால் தெரியவரும் உண்மை ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு உடைகளை மட்டும் வெளியே வைத்து ஏனையவற்றைக் கட்டி வைத்தவர், கட்டிய மூட்டையில் இருப்பவை ஏன் வந்தன என்று கேட்கத் தொடங்குவார். இது அடுத்த வீட்டார் காண வாங்கியது. இது விலை குறைவென்று வாங்கியது. இது உறவினர் திருமணத்தில் தாழ்ந்து தோன்றக்கூடாதென்று வாங்கியது. மானமும் உலோபமும் மடிப்புக் கலையாமல் அங்கே அடுக்கப்பட்டிருக்கும்.

இவ்விரதத்திற்கு ஆசாரியர் கூறும் ஐந்து அதிசாரங்களுள், முன்பு துய்த்ததை நினைந்திருத்தலும், இனித் துய்க்கப்போவதற்கு ஏங்குதலும் உள்ளன. இருபது ஆண்டுகளாக உடுத்தாத சேலையை ஆண்டுதோறும் வெயிலில் காயவைத்து மீண்டும் மடித்து வைக்கிறோமே, அது முதல் வகை. உடல் இளைத்தபின் அணியலாம் என்று காத்திருக்கும் சட்டை இரண்டாம் வகை. எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, எஞ்சிய பத்தின் நிறத்தையும் பொருத்தத்தையும் ஓயாது எண்ணிக்கொண்டிருப்பவரும் தப்பவில்லை. பரிக்கிரகம் என்பது மூர்ச்சை, அதாவது பற்று, என்றே தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் கூறுகிறது. அதன் உரையாகிய சர்வார்த்த சித்தியில் பூஜ்யபாதர், அளவு மீறக்கூடாத பொருள்களுள் குப்பியம் என்பதற்குப் பருத்தியையும் பட்டையும் எடுத்துக்காட்டுகிறார்.

பட்டைப் பற்றி மனம்விட்டுப் பேசவேண்டும். கூட்டினுள் உறங்கும் புழுவை நீராவியாலோ கொதிநீராலோ கொன்ற பின்னரே அறுபடாத இழை எடுக்கப்படுகிறது. ஒரு சேலைக்கு மடியும் உயிர்கள் ஆயிரக்கணக்கானவை. எறும்பு மிதிபடாமல் நடக்கும் நாம் அதை உடுத்தி ஜினாலயத்திற்குச் செல்வது எப்படிப் பொருந்தும்? முன்பே வாங்கியவற்றை எரிக்க வேண்டா. இனி வாங்குவதில்லை என்று யமமாகவே கொள்ளலாம். அளவு வகுக்கும்போது முதலில் நீங்கவேண்டியது இதுதான். பருத்தியும் முற்றும் குற்றமற்றதன்று. ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாவதாக மதிப்பிடப்படுகிறது. நீரையும் உயிராகக் கருதும் நமக்கு, தேவையின்றி வாங்கும் சட்டை அநர்த்ததண்டமே ஆகும்.

ஆஷாட அஷ்டாஹ்னிகம் தொடங்கிக் கார்த்திக அஷ்டாஹ்னிகம் வரையிலான சாதுர்மாஸ்ய காலம் இந்நியமத்திற்கு ஏற்றது. எண்ணிக்கையை அவரவரே வகுக்கலாம். வயலில் உழைப்பவர்க்கும் அலுவலகம் செல்பவர்க்கும் ஒரே கணக்கு பொருந்தாது. பூசைக்குரிய தூய வேட்டியையும் மேலாடையையும் தனியே வைத்துக்கொள்க. விலக்கியவற்றை உடனே வழங்கிவிட வேண்டா. அவசரத்தில் கொடுத்தவர் அடுத்த திங்களே மீண்டும் வாங்குவதுண்டு. மூட்டை பரணில் இருக்கட்டும். இடையில் தசலட்சண பர்வம் வரும். அதன் ஒன்பதாம் நாளாகிய உத்தம ஆகிஞ்சன்யத்தன்று மூட்டையை இறக்கிப் பார்த்து, நினைவுக்கே வராதவற்றைத் தேவையுள்ளோர்க்குக் கொடுக்கலாம்.

இன்னொன்றும் கூறவேண்டும். இத்தகைய பேச்சு எழும்போதெல்லாம் நம் இல்லங்களில் மருமகளின் சேலைகளே எண்ணப்படுகின்றன. பிறர் சுமத்துவது விரதமாகாது. தானே விரும்பிக் கொள்வதே விரதம். ஆதலின் இந்த ஆண்டு குடும்பத் தலைவரின் சட்டைகளிலிருந்து எண்ணத் தொடங்கி, எண்ணிக்கையையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் அவர் கைப்படவே எழுதி வைக்கட்டும்.