எண்ணமும் விளைவும்: எது கொலை, எது விபத்து?

அய்யா துணை



ஒரு உயிர் போய்விட்டால் ஊரில் இரண்டு பேச்சு எழும். பறிகொடுத்த வீட்டில், "கொன்னுட்டானே பாவி" என்பார்கள். காரணமானவர் வீட்டில், "அவன் வேணும்னு செய்யலியே" என்பார்கள். இந்த இரண்டு பேச்சையும் தாங்கலுக்கு வருகிறவர்கள் வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன். எண்ணிச் செய்தாலும் எண்ணாமல் செய்தாலும் போன உயிர் திரும்பாது. பெற்றவள் அழுகையிலும் வித்தியாசம் இல்லை. அப்படியானால் செய்தவர் மனத்தில் என்ன இருந்தது என்று எதற்காகப் பார்க்க வேண்டும்?

பார்க்கத்தான் வேண்டும். அதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் அது நீதி ஆகாது. ஆனால் அதை யார் விஷயத்தில் பார்க்கிறோம் என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறினாலும், மனத்தைப் பார்த்துக் குற்றத்தை அளக்கும் முறை மாறவில்லை. அதை நான்கு படிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

ஒருவன் அரிவாளோடு காத்திருந்து பகையாளியை வெட்டுகிறான். இது முதல் படி, கொல்லும் எண்ணம். 103-ஆம் பிரிவின்படி மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை.

இன்னொருவர் காட்டுப்பன்றி வராமல் இருக்க மணிலாக் கொல்லையைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சுகிறார். அவருக்கு யார் மேலும் பகை இல்லை. ஆனால் இரவில் தண்ணீர் பாய்ச்ச வருகிறவர் அந்தக் கம்பியை மிதித்தால் செத்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும். இது இரண்டாம் படி, தெரிந்தும் செய்வது. இது 105-ஆம் பிரிவின் கீழ் வரக்கூடியது. பத்து ஆண்டு வரை சிறை உண்டு.

மூன்றாம் படி அஜாக்கிரதை. கரும்பு ஏற்றிய டிராக்டரை இருட்டில், பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஒருவர் டீ குடிக்கப் போகிறார். பின்னால் பைக்கில் வந்தவர் மோதி இறக்கிறார். கடலூர், பண்ருட்டி ரோட்டில் போய் வருகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை.

நான்காம் படி உண்மையான விபத்து. ஒருவர் நிதானமாக, விதிப்படி வண்டி ஓட்டி வருகிறார். சந்திலிருந்து ஒரு குழந்தை திடீரென்று ஓடி வந்து விழுகிறது. தன்னால் முடிந்த கவனத்தோடு முறையான செயலைச் செய்தவருக்கு நேர்ந்த இத்தகைய விபத்தைக் குற்றமே இல்லை என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது.

நான்கிலும் ஒரு உயிர் போயிருக்கிறது. வேறுபடுவது மனம் மட்டுமே. இந்த நான்கையும் ஒன்றாக்கி எல்லாரையும் கொலைகாரன் என்றால் நான்காம் படியில் நிற்பவருக்கு அநியாயம் செய்கிறோம். எல்லாவற்றையும் விதி என்று விட்டுவிட்டால் செத்தவருக்கு அநியாயம் செய்கிறோம்.

"கொல்ல நினைக்கவில்லை" என்ற ஒரு சொல் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு வழக்கு உண்டு. 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி, ஒரு அரசியல் தலைவருக்கு எதிராக வந்த தீர்ப்பைக் கண்டித்து நடந்த கலவரத்தில், தர்மபுரி அருகே இலக்கியம்பட்டியில் ஒரு பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். மூன்று பெண்கள் வெந்து இறந்தார்கள். சேலம் நீதிமன்றம் 2007-இல் மூன்று பேருக்கு மரண தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றமும் 2010-இல் அதை உறுதி செய்தது. பிறகு மறுசீராய்வில், 2016 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கூட்டத்தின் வெறியில் நடந்தது, அந்த மாணவியர் மேல் முன்பகையோ திட்டமோ இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தண்டனை குறைந்ததே தவிர, கொலைக் குற்றம் என்ற தீர்ப்பு மாறவில்லை. அந்தப் பெண்களின் பெயர்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் பஸ்ஸில் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தால் என்ன ஆகும் என்று தெரியாதவர் உலகில் உண்டா? ஆபத்து அவ்வளவு நிச்சயமாக இருக்கும்போது தெரிந்து செய்வதே கொலையாகும் என்று சட்டமும் சொல்கிறது. நெருப்பை வைத்துவிட்டு "நான் பஸ்ஸைத்தான் எரித்தேன்" என்று சொல்ல முடியாது.

சிலப்பதிகாரக் கதையிலும் இந்தப் படிகளைக் காணலாம். பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கோவலன் மேல் என்ன பகை? ஒன்றும் இல்லை. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனுக்குத்தான் தன்னைக் காத்துக்கொள்ள இன்னொருவன் சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அரசன் செய்தது விசாரிக்காமல் அவசரப்பட்டு ஆணையிட்டதுதான். ஆனால் உண்மை தெரிந்ததும் அவன் பொற்கொல்லனைக் காட்டித் தப்பவில்லை. பிழை தன்னுடையது என்று ஏற்று அந்த இடத்திலேயே உயிர் விட்டான்.

நம் பக்கத்திலேயே நடந்ததையும் மறக்க முடியாது. 2025 ஜூலை 8 காலையில், கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். கூடியவர்கள் கேட் கீப்பரை அடித்தார்கள். பிறகு அவர் கைது செய்யப்பட்டார். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரின் கோபம் யாருக்கும் புரியும். ஆனால் எந்த ஊரிலும் பிள்ளைகளைக் கொல்ல வேண்டும் என்று எண்ணி ஒருவர் கேட் வேலைக்கு வருவதில்லை. கேட் எப்போது மூடியது, யார் கடமை தவறினார், ஏற்பாட்டில் என்ன குறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் குற்றத்தின் அளவைச் சொல்ல முடியும். அடிக்கிற கைக்கு அந்தக் கேள்விகள் தெரியாது. விசாரிக்காமல் கை ஓங்கும்போது நாமும் பாண்டியன் செய்த அவசரத்தையே செய்கிறோம்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "மனுநீதிச் சோழன் எண்ணத்தைப் பார்த்தானா? திருவாரூர் வீதியில் கன்றுதானே துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்தது? பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொல்லியும் மகனைத் தேர்க்காலில் இட்டானே?" நல்ல கேள்வி. அவன் அப்படிக் கணக்குப் பார்த்தது தன் வீட்டுக்கு. ஊரான் மகன் ஓட்டிய தேராக இருந்து, அவனை அதே வேகத்தில் கொன்றிருந்தால் அந்தக் கதையை நாம் புகழ்ந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வழி ஒன்றுதான். பிறர் செய்த தீங்கில் எண்ணத்தைப் பார்க்க வேண்டும். நாம் செய்த தீங்கில் விளைவைப் பார்க்க வேண்டும். நாமோ பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். நம் பிள்ளை பைக்கில் ஒருவரை இடித்தால் "வேணும்னா செய்தான்?" என்கிறோம். நம் பிள்ளையை ஒருவர் இடித்தால் "கொலைகாரன்" என்கிறோம்.

பள்ளியறையில் கண்ணாடி முன் நிற்கும்போது நமக்குத் தெரிவது பக்கத்து வீட்டுக்காரர் முகம் அல்ல, நம் முகம். "எனக்கு எண்ணம் இல்லை" என்று அங்கே நின்று சொல்லும்போது, "தெரியாதா?" என்று கேட்டுப் பாருங்கள். மின்கம்பி கட்டும்போது தெரியாதா? குடித்துவிட்டு வண்டியை எடுக்கும்போது தெரியாதா? லைசென்ஸ் இல்லாத பதினைந்து வயதுப் பையன் கையில் சாவியைக் கொடுக்கும்போது தெரியாதா? தெரிந்திருந்தும் பொருட்படுத்தாமல் விட்டது நம் மனம்தானே. அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

நடந்த பிறகும் கடமை முடிவதில்லை. உண்மையான விபத்தாகவே இருக்கட்டும். வண்டியை நிறுத்தி அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். வீட்டுக்கு உழைத்தவர் போயிருந்தால் அந்தக் குடும்பத்துக்குத் தலை குனிந்து உதவ வேண்டும். குற்றமில்லாமல் நேர்ந்ததை விட்டுவிட்டு ஓடினால், ஓடிய நேரத்தில் போகும் உயிருக்கு யார் பொறுப்பு?

இந்த இதழை வாசித்து முடித்ததும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் டிராக்டரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா, கொல்லையில் கம்பி இருக்கிறதா, வண்டிச் சாவி யார் கையில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். இருட்டில் யாரோ ஒருவர் அந்த வழியாக வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார்.

அய்யா உண்டு.