பதினான்காம் மாடி, வடகிழக்கு ஜன்னல்

ஆனி மாதம். காலை ஆறரை. கண்ணாடியில் என் மூச்சு படிகிறது. விரலால் துடைக்கிறேன். துடைத்த வட்டத்துக்குள் மலை இல்லை.

இருட்டு. மேகம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ரங்கிடோட்டோ இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு கொஞ்சம் அடர்த்தியாக இருப்பதுபோல. கண்ணின் பழக்கமாகவும் இருக்கலாம்.

ட்ரைபாட் ஜன்னலோரம் நிற்கிறது. ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது.

*

கீழே ஆக்லாந்தின் குயீன் தெரு கடலை நோக்கிச் சரிகிறது. அதன் அடியில் ஓர் ஓடை. வைஹொரோட்டியு என்று பெயர். குழாய்க்குள் அடைத்து மேலே தெரு போட்டு நூறாண்டு தாண்டிவிட்டது. மழை வலுக்கும் இரவுகளில் அது நினைவுக்கு வருகிறது.

ஃபோர்ட் தெரு வரைக்கும் ஒரு காலத்தில் கடல். அதற்கு வடக்கே எல்லாம் தூர்த்த நிலம். பிரிட்டோமார்ட் என்ற கடல்முனையை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டும் தூர்த்திருக்கிறார்கள். முனை போய்விட்டது. அந்தப் பேட்டைக்குப் பெயர் தங்கியிருக்கிறது.

துறைமுகம் போகும்போதெல்லாம் பழைய கடலின்மேல் நடக்கிறேன். செருப்பு நனைவதில்லை.

*

துறைமேடையில் நின்றால் மலை முழுசாகக் கிடைக்காது. டேவன்போர்ட்டில் டாக்கருங்கா என்ற சின்னக் குன்று முன்னால் வந்து நிற்கிறது. கிட்டத்தில் இருப்பதால் பெரிசு.

மாடி ஏற ஏறக் குன்று அமிழ்கிறது. பின்னால் இருப்பது எழுகிறது.

பதினான்கில் இரண்டும் சமாதானமாக இருக்கின்றன.

*

ரங்கிடோட்டோ எரிமலை. 260 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் குன்றுதான். மலை என்று சொல்லத் தயங்குவார்கள். ஆனாலும் இந்த நகரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு சந்தின் முடிவில் அது இருக்கிறது. நடுவில் சின்ன முகடு. இரண்டு பக்கமும் ஒரே சரிவு. கடல் வரை இறங்கும் நீளக் கோடு.

எங்கிருந்து பார்த்தாலும் இதே உருவம். கிழக்கே போனாலும் வடக்கே போனாலும். படம் எடுக்கிறவனுக்கு இடம் மாற்ற ஒன்றுமில்லை.

ஆகவே உட்கார்ந்திருக்கிறேன்.

*

இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. வந்து ஆறு வருஷம் ஆகிறது. உடம்பு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நிழல் தெற்கே விழும்போது ஏதோ தவறிவிட்டதுபோல் ஒரு கணம்.

நடுக் குளிர்காலத்தில் உச்சிப் பொழுதிலும் சூரியன் முப்பது பாகைக்கு மேல் ஏறுவதில்லை. மதியம் பன்னிரண்டரைக்கு ஆளைவிட நீளமான நிழல். நாள் முழுக்கச் சாய்வான வெளிச்சம். அவசரமே இல்லை.

எழும்போதும் இடப்பக்கம் சாய்ந்து எழுகிறது. ஊரில் வலப்பக்கம். இது தெரிய எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது.

*

ஆனியில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வருகிறது. அதன் வலத் தோளில். மலை வெறும் கறுப்புக் காகிதம். மரம் இல்லை, பாறை இல்லை, ஓரம் மட்டும்.

மார்கழியில் வெகுதூரம் தள்ளி, வலப்பக்கக் கட்டடங்களுக்குப் பின்னால் உதிக்கிறது. மாலை எட்டரைக்கு மேல் என் முதுகுப் பக்கம் அடைகிறது. அப்போது மலையின் முகம் முழுக்க வெளிச்சம். ஒவ்வொரு மடிப்பும் எண்ணிக்கைக்குக் கிடைக்கிறது.

ஆறு மாதம் ஓரம். ஆறு மாதம் முகம்.

நடுவில் பல நாள் எதுவுமில்லை.

*

மழை.

வடகிழக்கு மழை வந்தால் முதலில் மலை போகிறது. அப்புறம் டாக்கருங்கா. அப்புறம் படகு. கடைசியில் கண்ணாடி நனைகிறது.

தென்மேற்கு மழை வந்தால் முதலில் கண்ணாடி. ஓடும் சொட்டுகளுக்கு அப்பால் மலை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே சத்தம்.

*

வானவில். மலையின் இடக்காலிலிருந்து கடலுக்குள். காமிராவை எடுக்கக் கை போகிறது. எடுக்கிறேன். திரையில் பார்க்கிறேன். நாள்காட்டியில் பார்த்த மாதிரி இருக்கிறது.

அழிக்கவில்லை. வைத்துக்கொள்ளவும் மனசில்லை.

*

ப்ரையன் பிரேக் இந்த நாட்டுக்காரர். மழைக்காலத்தைப் படமெடுக்க இந்தியா போனவர். 1961-இல் லைஃப் இதழில் வந்தது. அதில் ஒரு பெண் கண்மூடி முகத்தைத் தூக்கி முதல் மழையை வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவள்தான் பிற்பாடு இயக்குநரான அபர்ணா சென். முகத்தில் வழிவது மழை இல்லை. கல்கத்தா மொட்டைமாடியில் பூவாளியால் ஊற்றிய தண்ணீர்.

தெரிந்த பிறகும் அந்தப் படத்தில் மழை பெய்கிறது.

கடைசிக் காலத்தில் பிரேக் ஆக்லாந்தின் மேற்கே டிட்டிரங்கி மேட்டில் குடியிருந்தார். 1988-இல் இறந்தார். டிட்டிரங்கியில் பூவாளிக்கு வேலையே இருந்திருக்காது.

*

ஜான் கிண்டர் என்ற பாதிரியார். பார்னலில் பள்ளித் தலைமையாசிரியர். 1860-களில் கண்ணாடித் தகட்டில் ஈரமருந்து பூசி, காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியவர். ஆர்ட் கேலரியில் அவருடைய படங்கள் இருக்கின்றன. கல் தெரிகிறது. வேலி தெரிகிறது. மரத்தில் தனித்தனி இலை.

வானம் வெள்ளை. ஒரு மேகம் கிடையாது.

அந்த மருந்துக்கு நீல ஒளி என்றால் வெறி. நிலத்துக்குப் போதுமான நேரம் திறந்து வைத்தால் வானம் வெந்துபோகும். மேகமும் நீலமும் ஒரே வெள்ளையில் கரையும்.

இந்த நாட்டுக்கு மாவோரி மொழியில் நீண்ட வெண்மேகம் என்று பெயர்.

அந்தப் படங்களின் முன் நெடுநேரம் நிற்கிறேன். காவலாளி ஒருமுறை கடந்துபோகிறார். மறுபடி கடந்துபோகிறார். கிண்டர் தலைக்கு மேல் அன்று என்ன இருந்தது. மழை மேகமா, பஞ்சா. கறுப்புத் துணிக்குள் குனிந்திருந்த அவருக்குத் தெரியும்.

வெளியே வந்தால் ஆல்பர்ட் பூங்கா. புல் ஈரம். இதுவும் ஓர் எரிமலை. மேலே ரோஜாச் செடி வைத்திருக்கிறார்கள்.

*

இந்த நகரம் ஐம்பதுக்கு மேற்பட்ட எரிமலைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சில முழுசாக இருக்கின்றன. சில பாதி. சிலவற்றைச் சுரண்டி ரயில் பாதைக்கும் தெருவுக்கும் போட்டுவிட்டார்கள். துளைத் துளையான செங்கறுப்புக் கல். லேசானது.

தெற்கே மூன்று ராஜாக்கள் என்று ஓர் இடம். மூன்று சிகரம் இருந்தது. பெரியவர் ஒருவர்தான் மிச்சம். மற்ற இருவர் நின்ற இடத்தைப் படம் எடுக்கலாமா என்று ஒருநாள் போகிறேன். சட்டத்துக்குள் எதை வைப்பது. வானத்தை எவ்வளவு விடுவது.

மதுரைக்குக் கிழக்கே கிரானைட் குன்றுகள் இருந்த சில இடங்களில் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கும். ஆழம் தெரியாது. அங்கேயும் இப்படித்தான் காமிராவைத் தூக்கினேன், இறக்கினேன்.

*

மௌங்காஃபாவ். ஆங்கிலப் பெயர் மவுண்ட் ஈடன். 196 மீட்டர். உச்சிக்கு நடந்தே போகவேண்டும். 2016-இலிருந்து கார் கிடையாது.

உச்சியில் பெரிய கிண்ணம். ஐம்பது மீட்டர் ஆழம். மட்டாஹோ என்ற தெய்வத்தின் கிண்ணம் என்கிறார்கள். உள்ளே இறங்கக் கூடாது.

மாலை ஐந்து. கிண்ணத்தின் மேற்கு விளிம்பிலிருந்து நிழல் இறங்குகிறது. அடியில் முதலில் தேங்குகிறது. அப்புறம் மெல்ல நிரம்புகிறது. தண்ணீர் நிரம்புவது போலவே. கிழக்குச் சரிவில் புல் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சளாக இருக்கிறது. பிறகு அரை விரல்.

பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் கிண்ணத்துக்கு முதுகைக் காட்டி நகரத்தைப் படம் எடுக்கிறார்கள். நானும் முதல் வருஷம் அப்படித்தான்.

காற்று. காது வலிக்கிறது.

*

தொல்காப்பியம் நிலத்துக்கு நிலம் பொழுது வைத்திருக்கிறது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும். நாளில் யாமம். நெய்தலுக்கு எற்பாடு, வெயில் சாயும் நேரம்.

கடலுக்குள் நிற்கிற மலைக்கு எது.

யாமத்தில் ஜன்னலைத் திறக்கிறேன். குளிர். முப்பது நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால் கறுப்புக்குள்ளிருந்து கறுப்பு பிரிகிறது. நுரைபோலக் கடல். அசைந்ததெல்லாம் மறைந்து அசையாதது மட்டும் படத்தில். படகு ஒன்று போனது, கண்ணால் பார்த்தேன். படத்தில் அதன் விளக்கு ஒரு கோடு.

*

ரங்கிடோட்டோ என்றால் ரத்த வானம் என்று சட்டென மொழிபெயர்த்துவிடுகிறார்கள். சிவந்த அந்திப் படத்துக்கு அடியில் போட வசதி. முழுப் பெயர் நீளம். டாமடெகபுவா என்ற பழைய படகுத் தலைவன் சண்டையில் ரத்தம் சிந்திய நாள். பெயரில் இருப்பது வானம் இல்லை, நாள்.

வானம் இன்று சாம்பல் நிறம்.

*

அறுநூறு ஆண்டுக்கு முன்பு கடலுக்குள்ளிருந்து வெடித்து எழுந்த மலை. தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் முடிகிறது. அதைவிட இந்த மலை ஏறக்குறைய 400 ஆண்டு இளையது.

இதைச் சொல்லிப் பார்க்கிறேன். கட்டிய கல் மூத்தது. மலை பொடிசு.

பக்கத்துத் தீவு மோட்டுடாப்பு. அங்கே ஆட்கள் இருந்தார்கள். மலை பிறந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஈரச் சாம்பலில் நடந்திருக்கிறார்கள். நாயும் கூட. அடுத்து விழுந்த சாம்பல் அந்தச் சுவடுகளை மூடியது. அறுநூறு ஆண்டு அழியாமல் இருந்து, தோண்டியபோது கிடைத்தன. குதிகால். விரல்கள். நாயின் பாதம்.

எவ்வளவு நேரம் திறந்திருந்தது அந்தச் சாம்பல். ஒரு நாளா. ஒரு மழை வருவதற்குள்ளா.

*

மார்கழி. படகில் இருபத்தைந்து நிமிஷம்.

மலைமேல் நிற்கும்போது மலை தெரிவதில்லை. எரிந்து உறைந்த கறுங்கல். காலடியில் நொறுங்கும் சத்தம். ஓடை இல்லை, ஊற்று இல்லை. பெய்த மழை பொந்துகளில் இறங்கிப் போய்விடுகிறது. மண்ணும் பேருக்குத்தான். ஆனாலும் பொஹுட்டுகாவா மரங்கள். உலகத்திலேயே பெரிய பொஹுட்டுகாவா காடு இதுதான். கறுப்புக் கல்மேல் சிவப்பு மகரந்த இழைகள் உதிர்ந்து கிடக்கின்றன. குங்குமம் கொட்டியதுபோல்.

என் ஜன்னலிலிருந்து 400 மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்தாலும் இந்தச் சிவப்பு தெரியாது. வருஷா வருஷம் பூக்கிறது.

உச்சியில் திரும்பினால் நகரம். ஸ்கை டவர் 328 மீட்டர். மலையைவிட உயரம். அதற்கு இடப்பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள். பதினான்காம் மாடியைத் தேடுகிறேன். ஏதோ ஒரு கண்ணாடி வெயிலில் மின்னி அணைகிறது.

கல் சூடு செருப்பைத் தாண்டி ஏறுகிறது. தண்ணீர் தீர்ந்துவிட்டது.

*

வைகாசி. மூடுபனி. துறைமுகம் வெள்ளை. வைட்டெமட்டா என்றால் எரிமலைக் கண்ணாடிபோல் மின்னும் நீர் என்று பொருள் சொல்கிறார்கள். இன்று மின்னவில்லை. படகுகள் மெதுவாக ஊதிக்கொண்டு வருகின்றன. ஒலி வரும் திசையில் பார்க்கிறேன். வேறு இடத்திலிருந்து படகு வெளிப்படுகிறது.

ஒன்பதரைக்கு மேகத்துக்கு மேலே முகடு மட்டும் தெரிகிறது. கீழே ஒன்றும் இல்லாமல். மிதக்கிறது. ஷட்டரை அழுத்தும் நேரத்துக்குள் போய்விட்டது. படத்தில் வெள்ளை. கிண்டரின் வானம்.

இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

*

மட்டாரிக்கி. குளிர்காலத்து விடியலுக்கு முன் வடகிழக்கில் எழும் விண்மீன்கூட்டம். அது எழுந்தால் மாவோரிக்குப் புத்தாண்டு. 2022-இலிருந்து நாட்டுக்கே விடுமுறை. நமக்கு அது கார்த்திகை.

ஊரில் கார்த்திகை மாதத்து மாலை. அம்மா மொட்டைமாடியில் நிற்பாள். திசையைக் கைகாட்டி, இப்ப ஏத்துவாங்க பாரு என்பாள். திருவண்ணாமலை உச்சியில் ஒரு புள்ளி தெரியும். அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நான் புள்ளியைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த மலை நெருப்பாக நின்றது என்பது புராணம். இந்த மலை நெருப்பாக நின்றதைப் பார்த்தவர்களின் கால்தடம் இருக்கிறது.

ஆறு மீன்களும் இந்த மலைக்கு மேலேதான் எழவேண்டும். திசை அதுதான். மூன்று வருஷமாக மேகம்.

*

ஏழு மணி. தேநீர் ஆறிவிட்டது. கண்ணாடியில் மறுபடி மூச்சு.

இன்று உதயம் 7.33 என்று போட்டிருக்கிறது.

7.33.

சாம்பல் கொஞ்சம் வெளுக்கிறது. எந்த இடத்திலிருந்து என்று சொல்ல முடியவில்லை. கடற்பறவை ஒன்று ஜன்னலுக்கு நேராகக் காற்றில் நின்று, பிறகு சரிந்து போகிறது.

லென்ஸ் மூடியைக் கழற்றுகிறேன். கையிலேயே வைத்திருக்கிறேன்.

எட்டு மணி ஆகிறது. கீழே டேவன்போர்ட் படகு கிளம்புகிறது. பாதிக் கடலில் மேகத்துக்குள் போய்விடுகிறது.