விலகி நிற்கும் அன்பு

எங்கள் ஊர்களிலே ஒருவருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டால், போய்ப் பார்க்காதிருப்பது பெருங்குறையாகவே கருதப்படும். கலியாண வீட்டுக்கு வராதவரை மன்னித்தாலும் மன்னிப்பர். வருத்தக்காரரை எட்டிப் பாராதவரை இலேசில் மன்னியார். நாலு தோடம்பழமோ ஒரு பிஸ்கற் பெட்டியோ வாங்கிக்கொண்டு போய், கட்டிலருகே இருந்து, கையைப் பிடித்து ஆறுதல் கூறுவது எம் முன்னோர் எமக்குப் பழக்கிய நல்லறமாகும். ஆயினும், பார்க்கப் போகாதிருப்பதே அறமாகின்ற வேளையும் உண்டா? இது நாம் சிந்திக்க வேண்டிய ஒரு வினாவாகும்.

1983இன் பின்னர் எம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய நகரங்களுள் கனடாவின் ரொறன்ரோவும் ஒன்று. அங்கே ஒரு வீட்டிலே நாலு வயதுப் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று வைத்தியர்கள் கூறிவிட்டார்கள் என வைத்துக்கொள்வோம். சிறுவருக்கு வரும் புற்றுநோய்களுள் அதிகம் காணப்படுவது இதுவேயாகும். இன்று கனடா போன்ற நாடுகளில் இந்நோயின் முக்கிய வகைக்கு ஆளாகும் பிள்ளைகளுள் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைத்துக் கொள்கின்றனர். ஆனால் சிகிச்சை இரண்டு வருடங்களுக்கு மேல் நீள்கின்றது. எனவே அக்குடும்பம் இரண்டு குளிர்காலங்களையாவது நோயோடு கடக்க வேண்டியுள்ளது.

புற்றுநோய்க் கலங்களை அழிக்கக் கொடுக்கும் மருந்து, உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்களையும் சேர்த்தே குறைத்துவிடுகின்றது. காவலாளி இல்லாத வீடுபோல் ஆகிவிடுகின்றது அப்பிஞ்சு உடல். எமக்கு இரண்டு நாள் தும்மலோடு போகின்ற தடிமன் அப்பிள்ளையை வைத்தியசாலைக் கட்டிலிலே கிடத்திவிடும். கொப்பளிப்பானோ உயிருக்கே ஆபத்தாகலாம். உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தாண்டி நின்றால் விடியும்வரை பார்த்திருக்க முடியாது. நள்ளிரவாயினும், வீதியெங்கும் பனி கொட்டிக் கிடப்பினும், பிள்ளையைக் கம்பளியிலே சுற்றிக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

டிசம்பர் மாதத்திலே அங்கு பின்னேரம் 5 மணிக்கு முன்னரே பொழுது பட்டுவிடும். சாளரங்கள் எல்லாம் சாத்தியபடியே இருக்கும். தாய் வேலையை விட்டுவிட்டாள். தகப்பன் இரவு வேலைக்குப் போய் விடியற்புறம் வருகின்றான். ஸ்ரெரோயிட் மருந்து கொடுக்கும் கிழமைகளிலே பிள்ளைக்கு அடங்காப் பசி எடுக்கும். இரவு 2 மணிக்கு எழும்பிப் புட்டுக் கேட்டு அழும். தாய் அந்நேரத்திலும் அடுப்பை மூட்டுவாள். பாடசாலையால் வரும் மூத்த பிள்ளை, தம்பியைத் தொடுமுன் கை கழுவி உடுப்பு மாற்ற வேண்டும். தனக்குத் தடிமன் என்றால் தம்பியின் பக்கம் போகாமல் மற்ற அறையிலேயே இருந்துகொள்ளும். எட்டு வயதுப் பிள்ளை இவ்வாறு விலகி நிற்பது வெறுப்பினால் அன்று. அன்பின் மிகுதியினாலன்றோ!

இப்படியான வீட்டுக்கு உறவினர் பார்க்க வருகின்றார்கள். “இப்ப வேண்டாம், கோபிக்காதேங்கோ” என்று வாசலிலேயே சொல்லிவிடுகின்றாள் தாய். “வீடு தேடிப் போன எங்களைப் படியேற விடவில்லை” என்ற மனத்தாங்கல் அங்கிருந்து ஊர்வரை வந்து சேருகின்றது. இங்கே நாம் எம்மையே ஒன்று கேட்டுப் பார்க்க வேண்டும். நாம் பார்க்கப் போவது பிள்ளையின் நன்மைக்காகவா, பார்த்துவிட்டோம் என்ற எமது மனத் திருப்திக்காகவா? பிள்ளையின் நன்மையே குறிக்கோளாயின், வாசலில் நிறுத்தப்பட்டவர் வருந்த ஒன்றுமில்லை. அன்பு என்பது எமது ஆசையை நிறைவேற்றுவதன்று. மற்றவருக்கு எது வேண்டுமோ அதற்கு எம்மை அமைத்துக் கொள்வதேயாகும்.

நாம் கொண்டு போகும் தொற்று கையிலும் மூச்சிலும் மாத்திரம் இருப்பதில்லை. சில வேளைகளில் அது நாவிலும் இருக்கின்றது. “ஆர் செய்த பாவமோ, இந்தப் பிஞ்சு அனுபவிக்குது” என்று பெற்ற தாயின் முன்னிலையிலேயே சிலர் கூறிவிடுவர். அச்சொல் ஆயுள் உள்ளளவும் அவள் நெஞ்சை அரிக்கும்.

1947ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் இரண்டு வயது ஆண்குழந்தை ஒன்று இந்நோயால் வாடிக் கிடந்தது. அவன் இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவன். மற்றவனோ நல்ல சுகத்துடன் ஓடியாடித் திரிந்தான். ஒரே வயிற்றிலே கூடக் கிடந்து ஒரே நாளிற் பிறந்த இருவருள் ஒருவனுக்கு மாத்திரம் நோய் வந்ததற்குத் தாய் தந்தையரின் எந்தக் குற்றத்தைச் சுட்டிக்காட்ட முடியும்? பெரும்பாலும் பெற்றோர் செய்த எதனாலும் இந்நோய் வருவதில்லை என்பதே மருத்துவம் கூறும் உண்மை. வினை பற்றிய போதனை ஒவ்வொருவரும் தத்தம் செயலைத் திருத்திக்கொள்வதற்கே உரியது. அயலவர் பிள்ளையின் நோயை அளக்கும் கோலாக அதைப் பிடிப்பது அப்போதனைக்கே செய்யும் அவமரியாதையாகும்.

அக்குழந்தைக்கு அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் திகதி வைத்தியர் சிட்னி பார்பர் அமினொப்ரெரின் என்ற புதிய மருந்தை ஏற்றத் தொடங்கினார். சில மாதங்கள் குழந்தை எழுந்து நடந்து விளையாடியது. பின்னர் நோய் திரும்பவே இறந்துவிட்டது. ஆயினும் 1948இல் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி, இம்மருந்தைப் பெற்ற 16 பிள்ளைகளுள் 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் காணப்பட்டது. இன்றைய சிகிச்சையின் தொடக்கம் அதுவே. அம்மருந்தை ஆக்கிக் கொடுத்த ஆய்வுகூடத்தை வழிநடத்தியவர், ஆந்திரத்திலே பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். கட்டிலருகே நின்று கையைப் பிடித்தவரல்லர் அவர். தூரத்தே ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தே, எத்தனையோ தாய்மாரின் கண்ணீரைத் துடைத்தார்.

எனினும் ஓர் எச்சரிக்கை. விலகி நிற்றல் மறந்துவிடுதலுக்குச் சாட்டாகிவிடக் கூடாது. முதல் மாதத்திலே ஓயாது ஒலிக்கும் தொலைபேசி ஆறாம் மாதத்திலே மௌனமாகிவிடுவதுதான் அக்குடும்பங்களின் பெருந்துயர். அன்போடு விலகி நிற்பவரை அவர் செயலே காட்டிவிடும். அவர் சமைத்த சாப்பாடு வாசற்படியிலே வைக்கப்பட்டிருக்கும். விடியுமுன் அவ்வீட்டு வாசற் பனியை அவர் வழித்துவிட்டிருப்பார். மூத்த பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றி இறக்குவார். இரத்த தானம் செய்வார். தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் உரிய தடுப்பூசிகளைத் தவறாது போட்டுக்கொள்வார்.

பனி பெய்யாத எமது மண்ணிலும் இது பொருந்தும். வடக்கிலிருந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டு சென்று, கிழமைக்கணக்கிலே அங்கு தங்கும் பெற்றோர் உள்ளனர். மாரி மழையிலே அவர்களின் வீட்டுக் கூரையைப் பார்ப்பவர் யார்? கட்டி நிற்கும் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பவர் யார்? மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போடுபவர் யார்? நோயுற்ற பிள்ளையின் முகத்தைப் பாராமலே செய்யக்கூடிய இத்தொண்டுகள், கட்டிலருகே இருந்து சொல்லும் ஆயிரம் ஆறுதல் வார்த்தைகளிலும் உயர்ந்தவை.

கருவறையின் உள்ளே நாம் புகுவதில்லை. வெளியே நின்றே கைகூப்புகின்றோம். அதனால் எம் பக்தி குறைந்து போவதுமில்லை. நோயோடு போராடும் பிள்ளை இருக்கும் வீட்டு வாசலிலும் அவ்வாறே நிற்கப் பழகுவோம். உலகெங்கும் நோயுற்ற குழந்தைகள் யாவரும் நலம்பெற்று எழுந்து விளையாட எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.