உக்கடத்துச் சுவர்களும் ‘காட்சி’ என்னும் சொல்லும்

வீரனுக்குக் கல் நடும் மரபைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு நிலைகளாக வகுத்து, அவற்றுள் முதல் நிலைக்குக் ‘காட்சி’ என்று பெயரிடுகிறது. வீழ்ந்தவனுக்கு ஏற்ற கல்லைத் தேடிச் சென்று காண்பது என்று இதற்குப் பொருள் கூறுவர். அக்கல்லைக் கொண்டுவருதல், நீராட்டுதல், நடுதல், சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் ஆகியவை இதன்பின் தொடர்வதால், கண்டவரின் கடமை காண்பதோடு முடிந்துவிடுவதில்லை. கொங்கு நாட்டில் தோட்டத்து வரப்பிலும் ஊர்ப் பாதையோரத்திலும் காணப்படும் புலிகுத்திக்கற்கள், அதாவது கால்நடையைக் காக்கப் புலியோடு போரிட்டு மாண்டவர்க்கு எடுத்த நடுகற்கள், பல இடங்களில் இன்றும் வழிபாடு பெறுவது இக்கடமை நெடுங்காலம் நீளக்கூடியது என்பதற்குச் சான்றாகும். நடந்து செல்பவர் வழியில் எதிர்ப்படும் ஒரு கலைப்படைப்புக்கு எந்த அளவில் கடமைப்பட்டவர் என்னும் கேள்வியை இந்தப் பழைய சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமானது.

பக்தி மரபில் இதே சொல் திசை மாறுகிறது. அங்கே காட்சி என்பது அடியவர் எடுத்துக்கொள்வதன்று, இறைவன் ‘கொடுப்பது’. கருவறையில் அசையாது நிற்கும் மூலவருக்கு மாறாக, வீதியுலாவுக்கென வார்க்கப்பட்ட உற்சவர் என்னும் செப்புத் திருமேனி, தன்னைக் காண வர இயலாதவரைத் தேடித் தெருவுக்கு வருகிறது. இது மிக உயர்ந்த கருத்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டத்துக்கு முன் கோயிலுக்குள் விடப்படாத மக்களின் தெருக்களை அவ்வுலாவும் பெரும்பாலும் தவிர்த்தே சென்றது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கொடுக்கப்படும் காட்சி யாருடைய வாசல் வரை வருகிறது என்பதும் சமயக் கேள்வியே.

கோவையின் உக்கடத்தில் இக்கேள்வி கூர்மை பெறுகிறது. தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இப்பகுதியில், வீட்டுவசதிக் குடியிருப்பின் பல மாடிச் சுவர்களைப் பேரளவு ஓவியங்கள் இன்று நிறைத்து நிற்கின்றன. டெல்லி லோதி காலனியிலும், பின்னர் 2020-இல் சென்னைக் கண்ணகி நகரிலும் இத்தகைய ஓவிய வட்டாரங்களை அமைத்த ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சி இங்கும் நீண்டது. சீட்டு வாங்கி உள்ளே செல்ல வேண்டிய கூடம் எதுவும் இடையில் இல்லை. காய்கறி வாங்கப் போகிறவரும் பேருந்துக்கு விரைகிறவரும் நிமிர்ந்தால் போதும். 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட உக்கடம்–ஆத்துப்பாலம் மேம்பாலம் பயணத்தை எளிதாக்கியது உண்மை. ஆனால் வாகனத்தில் விரைபவருக்கு ஊர் கண்ணோரத்தில் ஓடும் நிறங்களாகக் குறைந்துவிடுகிறது. ஓர் ஓவியத்தின் முன் நிற்கவும், திரும்பி வந்து மறுபடி பார்க்கவும் கால்நடையாகச் செல்பவரால்தான் இயலும். கோயிலை வலம் வருதல் என்னும் வழிபாட்டு முறையும் நடையின் வேகத்திலேயே அமைந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

உக்கடமும் அதை அடுத்த கோட்டைமேடும் பள்ளிவாசல்களும் கோயில்களும் அருகருகே விளங்கும் பகுதிகள். உயிருள்ளவற்றின் உருவத்தை வழிபாட்டிடத்தில் தவிர்க்கும் இஸ்லாமிய மரபு, எழுத்தையும் வடிவியல் கோலங்களையுமே அழகின் இருப்பிடமாக்கிக்கொண்டது. அம்மரபில் கண் உருவத்தில் தங்காமல் சொல்லின் பொருளுக்குச் செல்லப் பழகுகிறது. உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி சாலையில் சிறிது தொலைவு சென்றால், குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளையே இணைத்துச் செய்த திருவள்ளுவர் சிலை நிற்கிறது. உருவமும் எழுத்தும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்றை இந்நகரில் தேடுவது கடினம். அருகில் செல்லச் செல்ல முகம் எழுத்துகளாகப் பிரிகிறது. விலகினால் மீண்டும் முகமாகக் கூடுகிறது.

யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த தந்தைக்குக் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி (1877–1947), மரபுச் சமூகங்களில் கலை வாழ்வின் பயன்பாட்டிலிருந்து பிரிந்து நிற்கவில்லை என்றும், பயனிலிருந்து பெயர்க்கப்பட்ட பொருளைக் காட்சிக்கூடத்தில் வைத்துச் சுவைப்பது குறைபட்ட அறிவே என்றும் வாதிட்டார். அவர் வாதத்தை உக்கடத்துச் சுவருக்குப் பொருத்தினால் ஓர் இடர் தெரிகிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் அடுப்பு எரிகிறது, துணி காய்கிறது, குழந்தை படிக்கிறது. ஓவியம் தேடி வருபவர் படமெடுக்கும்போது அவ்வாழ்க்கையும் அங்கு வாழ்பவரின் ஒப்புதலின்றிக் காட்சிப்பொருளாகிவிடக்கூடும். இதனைச் சிறு பிழையாகக் கருத இயலாது. தொல்காப்பியம் முதலில் வைத்த காட்சியை இறுதியாக்கிக்கொண்டு திரும்பிச் செல்வதே அப்படிப் படமெடுப்பவர் செய்வது. மாறாக, ஓவியம் எந்த வாசலைத் தேடி வந்ததோ அந்த வாசலின் குடிநீரும் சாக்கடையும் படிக்கட்டும் எந்நிலையில் உள்ளன என்று கேட்கத் தூண்டப்படுபவரிடம் அடுத்த நிலை தொடங்கிவிடுகிறது.

கோவையின் வெயிலிலும் மழையிலும் சுவர்ச் சாயம் வெளிறும், உரியும். அதே குடியிருப்பின் தரையில் விடியற்காலையில் இடப்படும் கோலம் மாலைக்குள் மிதிபட்டு அழிவதும், மறுநாள் அதே கை அதனை மீண்டும் இடுவதும் எவருக்கும் புதுமையாகத் தோன்றுவதில்லை. மாடி உயரத்து ஓவியத்துக்கு அப்படி ஒரு கை வாய்த்திருக்கவில்லை. அது வெளிறும் நாளில் மறுபடி தீட்டுவதா, வேறொன்று வரைவதா, வெறுஞ்சுவராக விடுவதா என்பதை அச்சுவருக்குள் வாழ்பவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.